பன்னிரண்டில் அரைத்த காப்பி

ஜூலை 17, வியாழன்

இந்த டைரி, பம்ப் கம்பெனியில் வருஷா வருஷம் டீலர்களுக்குக் கொடுப்பது. முதல் பக்கத்தில் பங்குதாரர்கள் இருவரும் கோட் போட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள். இடது பக்கம் என் கொழுந்தன் மயில்சாமி. வலது பக்கம் என் வீட்டுக்காரர் தண்டபாணி. மயில்சாமி இன்னமும் கம்பெனியில்தான் இருக்கிறார். என் வீட்டுக்காரர் இப்போது என் சமையலறையில், ஸ்பேனரும் கையுமாக நிற்கிறார்.

போன மாதம் அவர் கம்பெனியிலிருந்து தானாக விலகிக்கொண்டார். கோயமுத்தூரில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு உத்தரவு. தானாக விலகியவரின் சுழல் நாற்காலியும் பெயர்ப் பலகையும் மறுநாளே ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிட்டன, அவ்வளவு மரியாதை. நாற்காலி சாப்பாட்டு மேசையருகே கிடக்கிறது. பலகையை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஓசூரிலிருந்து மகள் யாழினி ஒரு எஸ்பிரஸ்ஸோ மிஷின் அனுப்பியிருக்கிறாள். கூடவே காப்பிக்கொட்டை அரைக்க ஒரு கிரைண்டர். அம்மாவுக்கு இடம் போகுமே என்று அவள் யோசிக்கவில்லை. மிக்சி இருந்த இடத்தில் மிஷின் உட்கார்ந்துவிட்டது. சம்படங்கள் இருந்த இடத்தில் கிரைண்டர். மிக்சி இப்போது பூஜை அலமாரியில், சாமி படங்களுக்குப் பக்கத்தில்.

இன்று ஆடி ஒன்று. ஆடியில் புதிதாக எதையும் ஆரம்பிக்க மாட்டோமே என்றேன். “யாழினி ஆர்டர் போட்டது ஆனியில, சுலோ. அப்ப இது ஆனிக் கணக்குத்தான்,” என்றார். சாஸ்திரத்திலும் டெலிவரி தேதி, இன்வாய்ஸ் தேதி என்று இரண்டு உண்டு போலிருக்கிறது.

ஜூலை 18

கொட்டை ஏற்காட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை பொறுக்க முடியுமா? என் டப்பாவிலிருந்த காப்பித்தூளை அள்ளி மிஷினில் போட்டார். அது சிக்கரி கலந்த தூள். ஃபில்டரில் பாவம், ஒரு வம்புக்கும் போகாது. மிஷின் தள்ளுகிற அழுத்தத்தில் சிக்கரி பாகாக இளகி, துவாரங்களையெல்லாம் அடைத்துக்கொண்டது. மிஷின் முனகியது, உறுமியது, கடைசியில் பக்கவாட்டில் பீய்ச்சி அடித்தது. தினசரிக் காலண்டர் நனைந்து, இந்த வாரம் முழுக்கப் பழுப்பாகிவிட்டது.

“டெலிவரி சைடுல பிளாக்கு,” என்றார்.

முப்பது வருஷம் மோனோபிளாக் பம்ப் செய்தவர். மிஷினை மதியம் வரை பிரித்துப் போட்டு, செய்தித்தாளில் திருகாணிகளை வரிசையாக அடுக்கி, உள்ளேயிருந்து களிமண் மாதிரி ஒன்றைச் சுரண்டி எடுத்தார். முகத்தில் என்ன சந்தோஷம்! ஒரு மாதமாக அவருக்குப் பழுது பார்க்க ஒன்றுமே கிடைக்கவில்லை, என்னைத் தவிர.

வேலை முடிந்ததும் ஃபில்டர் காப்பி கொடுத்தேன். “இதெல்லாம் காப்பியே இல்ல, சுலோ,” என்றார். டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் சொன்னார்.

ஜூலை 21

கொட்டை வந்தது. பையின் மேல் ‘சாக்லேட், ஆரஞ்சுத் தோல், மல்லிகை’ என்று அச்சடித்திருக்கிறது. பிரித்து முகர்ந்தேன். காப்பிக்கொட்டை வாசனை வந்தது.

விஷயம் இவ்வளவுதான். கொட்டையை அரைத்து, கைப்பிடி வைத்த சின்னக் கிண்ணத்தில் கொட்டி, அழுத்திக் கெட்டியாக்கி, மிஷினில் மாட்ட வேண்டும். அது சுடுதண்ணீரைப் பலமாக உள்ளே தள்ளும். அரை நிமிஷத்துக்குள் இரண்டு மடக்குக் காப்பி இறங்க வேண்டும். தூள் கொரகொரவென்று இருந்தால் தண்ணீர் ஓடி வந்துவிடும், காப்பி புளிக்கும். ரொம்ப நைசாக இருந்தால் தண்ணீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், கசக்கும். நடுவில் எங்கேயோ ஒரு சரியான இடம் இருக்கிறதாம். அதைத் தேடித்தான் காலையிலிருந்து எங்கள் வீடு அலைகிறது.

தேடுவதிலும் வேலைப் பிரிவினை உண்டு. அவர் போடுவார், ஒரு வாய் குடிப்பார், முகத்தைச் சுளிப்பார், “செரியில்ல” என்று கப்பை என் பக்கம் தள்ளுவார். கீழே கொட்ட எனக்கு மனசு வராது. நான் குடிப்பேன்.

ஜூலை 22

இன்றும் அதே தேடல். வீட்டு ஜன்னல் கம்பிகளையெல்லாம் துடைத்து முடித்துவிட்டேன். குடித்த காப்பியின் வேகம் இன்னும் அடங்கவில்லை.

ஜூலை 25

கிடைத்துவிட்டது! தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

“சுலோ! இருவத்தேழு செகண்டு! பன்னெண்டாம் நெம்பரு!”

கிரைண்டரில் ஒரு வட்டத் திருகு இருக்கிறது, அதைச் சுற்றி எண்கள். எண் குறைந்தால் நைஸ், கூடினால் கொரகொரப்பு. இன்று பன்னிரண்டில் வைத்து அரைத்தபோது, தேன் மாதிரி ஒரே சீராக இறங்கியது. எனக்கும் ஒரு மடக்கு கிடைத்தது. நன்றாக இருந்தது, நிஜமாகவே நன்றாக இருந்தது. அதை இங்கே எழுதுவதோடு சரி. அவரிடம் “பரவால்லீங்க” என்றேன்.

பம்ப்பைச் சோதனை மேடையில் ஏற்றி, சரியான இடத்தில் நட்டை முறுக்கி, அதன் மேல் ஒரு சொட்டு பெயின்ட் வைத்துவிட்டால், பிறகு அதை யாரும் தொடக் கூடாது. அவர் கற்ற தொழில் அது. எனவே பன்னிரண்டும் முடிவாகிவிட்டது. ஒரு சீட்டில் ‘12’ என்று பெரிதாக எழுதி கிரைண்டர் மேல் ஒட்டினார்.

“நாளையிலருந்து அரைக்கறத மட்டும் நீ பாத்துக்க. நான் வாக்கிங் போய்ட்டு வர்றப்ப தூள் ரெடியா இருக்கோணும். அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. பன்னெண்டுல வெச்சு அரை. டெக்னிக்கலா இருக்கறத நான் பாத்துக்கறேன்.”

டெக்னிக்கலாக இருப்பது என்றால், பொத்தானை அமுக்குவது.

ஜூலை 26

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சாரலுமாகக் காலையே இருட்டிக் கிடந்தது. பன்னிரண்டில்தான் அரைத்தேன். காப்பி சொட்டுச் சொட்டாக, தாரைப் போல இறங்கியது. கசப்பு. மறுபடி போட்டார், மறுபடி கசப்பு. பன்னிரண்டுதானே வைத்தாய் என்று இரண்டு தடவை கேட்டார்.

அப்புறம் சுழல் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். சவரம் செய்யவில்லை. கிரெடிட் கார்டு விற்கிற பெண் ஒருத்தி போன் செய்தாள். அவளிடம் ரொம்ப நேரம் பேசினார். என்ன ஊரும்மா, சாப்பிட்டாச்சா என்றெல்லாம் விசாரித்தார். முன்பெல்லாம் இவர் போன் ஓயாமல் அடிக்கும், எடுத்தால் அரை வார்த்தையில் வைத்துவிடுவார்.

அது என் கவலை இல்லை. எனக்கு உளுந்து ஊறப் போட வேண்டியிருந்தது.

ஜூலை 27

இன்றும் சாரல். அவர் வாக்கிங் போனதும் தூளை விரலில் தேய்த்துப் பார்த்தேன். ஈரக் காற்று பட்டதில் திருநீறு மாதிரி ஒட்டிக்கொண்டது. இத்தனை நாள் புளிப்பையும் கசப்பையும் குடித்துக் குடித்து, எதனால் எது வருகிறது என்று என் நாக்குக்குத் தெரியும். திருகைப் பதினைந்துக்குத் தள்ளி அரைத்தேன். பிறகு சீட்டில் இருக்கிறபடி திரும்பப் பன்னிரண்டில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவர் வந்தார், அழுத்தினார், பொத்தானைத் தொட்டார். தேன்.

“பாத்தியா? பன்னெண்டு. நேத்து நீதான் என்னமோ மாத்தி வெச்சிருக்கற.”

“இருக்கும்ங்க.”

குளித்து, சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அஞ்சலகம் வரை போய்விட்டு வந்தார். அஞ்சலகத்தில் ஒரு வேலையும் இல்லை.

நான் இதைச் செய்தது கொட்டை வீணாகக் கூடாதே என்றுதான்.

ஜூலை 30

வெயில். பதின்மூன்று. தேன்.

காய்கறி வண்டிக்காரருக்குப் பன்னிரண்டின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் வெண்டைக்காயைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார், பாவம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வளர்மதி டீச்சர் வந்தார். மகளுக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம், ரவிக்கைக்கு ஆரி வேலை செய்ய வேண்டும். கை முழுக்க மயில், முதுகில் கோபுரம். பெண்ணின் முகத்தை யாராவது பார்ப்பார்களா என்று தெரியவில்லை, முதுகைப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஆடியில் கல்யாணம் இல்லாததால் இந்த மாதம் எனக்கு வேலை கம்மி. ஆவணி பிறந்தால் ஒரே ஓட்டம். எப்போதும் அப்படித்தான். எங்கள் வாசல் அறையில்தான் வேலை. துணியை இழுத்துக் கட்டுகிற மரச் சட்டங்கள் இரண்டு, ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கிறேன். வடக்கு வெளிச்சம், நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். மத்தியானம் மூன்று பெண்கள் கற்றுக்கொள்ள வருகிறார்கள். வாயும் கையும் ஒரே வேகத்தில் போகும். இருபது வருஷமாக அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் அதற்கு ‘முன்னாடி ரூம்’ என்று பெயர்.

டீச்சருக்கு இவர் எஸ்பிரஸ்ஸோ கொடுத்தார். டீச்சர் அந்தக் குட்டிக் கப்பைப் பார்த்துவிட்டு, “டிகாஷன் ரெடியாயிருச்சுங்களா? பால் இனிமேத்தான் வருதுங்களா?” என்று மரியாதையாகக் கேட்டார். இவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நூல் எடுக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஆனால் குடித்ததும் டீச்சர் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “நெம்ப நல்லாருக்குதுங்க,” என்றார். இவர் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பையனைப் போல என்னைப் பார்த்தார்.

இன்று பதினான்கு.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. சித்ரான்னம் ஐந்து வகை செய்தேன். சாப்பிடும்போது அறிவித்தார்.

“சுலோ, ஒரு முடிவு பண்ணிட்டேன். காப்பிக் கடை வெக்கறேன். சின்னதா, டீசன்ட்டா. ஆவணி மொத முகூர்த்தத்துல தொறக்கறோம்.”

நல்லதுங்க என்றேன். நிஜமாகவே நல்லதுதான் என்று நினைத்தேன். மனிதர் வெளியே போய் நாலு பேரோடு பேசுவார்.

“எடத்துக்கு எங்கியும் போக வேண்டியதில்ல. முன்னாடி ரூம் சும்மாதான கெடக்குது.”

அந்த ரூமில்தான் அப்போது வளர்மதி டீச்சர் மகளின் மயில் பாதிக் கழுத்தோடு சட்டத்தில் கிடந்தது.

நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டும். “சரிங்க” என்றேன். தேங்காய்ச் சாதம் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றும் கேட்டேன். பேச்சுக்குப் பஞ்சமில்லாத வாய் இது. டைரியில் பக்கம் பக்கமாக நக்கல் அடிக்கும். அவர் எதிரில் வந்தால் தேங்காய்ச் சாதம் பரிமாறும்.

ஆகஸ்ட் 4

இந்தக் கடை யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று காலையிலிருந்து யோசித்தேன். காப்பி தினமும் நன்றாக வருகிறதாம், அதனால் கை தேறிவிட்டதாம். காப்பி ஏன் தினமும் நன்றாக வருகிறது? நான் அரைக்கிறேன், அதனால். என் அறைக்கு நானே பள்ளம் தோண்டியிருக்கிறேன், அதுவும் தினமும் காலையில், விரலில் தேய்த்துப் பார்த்து.

பதினான்கு.

ஆகஸ்ட் 7

ஆறுமுகம் ஆசாரி வந்து முன்னறையை அளந்தார். கவுன்ட்டர் ஜன்னலை ஒட்டி வருகிறதாம். வெளிச்சம் நன்றாக இருப்பதால் அங்கேதான் மிஷின் எடுப்பாகத் தெரியும் என்றார் ஆசாரி. இந்த வீட்டில் வெளிச்சத்தின் அருமை தெரிந்த இரண்டாவது ஆள்.

“இந்தச் சட்டமெல்லாம் எங்கங்க போடறது?” என்று அவர்தான் கேட்டார்.

“மாடில தகரக் கொட்டாய் இருக்குதில்ல,” என்றார் இவர்.

ஆவணி வெயிலில் தகரத்தின் கீழே பட்டுத் துணியும் நானும் சேர்ந்து வேகலாம்.

ஆகஸ்ட் 9

மகளிடம் போனில் சொன்னேன். “அம்மா, முடியாதுன்னு நீ அப்பாகிட்டச் சொல்லேன்,” என்றாள். ஏதோ கொத்தமல்லி வாங்கி வரச் சொல்வது போல எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்.

ஆகஸ்ட் 10

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று காப்பி குடிக்கும்போது ஆரம்பித்தேன். “ஏனுங்க, அந்த ரூமு...” என்றேன்.

“ஆமா, வெள்ளை அடிக்கோணும். நல்லவேளை ஞாபகப்படுத்துன,” என்றார்.

ஆகஸ்ட் 12

மயில்சாமியை அழைத்திருக்கிறார். கம்பெனி விட்டு வந்த பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதே இல்லை. இவரே போன் செய்து, பதினஞ்சாம் தேதி லீவுதானே, வீட்டுக்கு வந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போ என்றார். குரல் சாதாரணமாக இருக்க வேண்டும் என்று ரொம்பச் சிரமப்பட்டார்.

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “அவன் வந்து ஒரு வாய் குடிச்சுப் பாக்கட்டும் சுலோ. அண்ணனுக்கு இனி ஒண்ணும் வராதுன்னு போர்டு ரூம்ல எல்லாரு முன்னாலயும் சொன்னான்.”

தானாக விலகியது இப்படித்தான் நடந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14

நாளைக்குக் காப்பி நன்றாக வந்தால் கடை வருகிறது, என் அறை போகிறது. நன்றாக வராவிட்டால் அறை இருக்கிறது, தம்பிக்கு முன்னால் இவர் மானம் போகிறது. எது எப்படி ஆகும் என்பது கிரைண்டரின் ஒரு திருகில் இருக்கிறது, திருகு என் கையில் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் என் கைக்கு வந்த முதல் அதிகாரம் இது. அனுபவிக்கத் தெரியவில்லை.

பணியார மாவு அரைத்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலிருந்தே நசநசவென்று மழை. மயில்சாமி ஒரு கூடை ஆப்பிளோடு வந்தார். சுழல் நாற்காலியை அடையாளம் கண்டுகொண்டார் போலும். அதில் உட்காராமல் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அண்ணனும் தம்பியும் மழையைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றி எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவும் பேசினார்கள்.

“சுலோ, அரைச்சிரு. பன்னெண்டு, மறந்துராத,” என்று சாப்பாட்டு மேசையிலிருந்து குரல் கொடுத்தார்.

நான் சமையலறையில் கிரைண்டர் முன்னால் நின்றேன். இந்த மழைக்குப் பதினாறு என்று கைக்கே தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் முன்னறை தெரிகிறது. சட்டங்களைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார்கள், ஆசாரி கொண்டுவந்த பலகைகள் ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்தன.

பன்னிரண்டில் வைத்தேன். சொன்ன இடத்தில், கோட்டுக்குக் கோடு. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அவர் சொன்னதை அப்படியே கேட்டது இன்றைக்குத்தான்.

அவர் எழுந்து வந்து பொத்தானை அமுக்கினார், மிஷின் முனகியது. ஒன்றும் இறங்கவில்லை. பிறகு கறுப்பாக ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அவர் என்னைப் பார்த்தார். நான் பணியாரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மயில்சாமி அதைக் குடித்தார். ஒரு வீட்டில் கொடுத்த காப்பியை எங்கள் பக்கத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், விஷமாக இருந்தாலும் டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

“நல்லாருக்குதுங்ணா,” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “சக்கரை ஏதாச்சும் இருக்குதுங்களா அண்ணி?”

இவரும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கப்பை மெதுவாகக் கீழே வைத்தார்.

“எதுக்குங்ணா இந்த வயசுல இந்தச் செரமமெல்லாம்?” என்றார் மயில்சாமி. “பேசாம ரெஸ்ட் எடுங்க. நாங்கல்லாம் எதுக்கு இருக்கறோம்?” பாசமாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. பேச்சை லேசாக்குகிற மாதிரி ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டு, “அண்ணிகிட்ட அரைக்கக் குடுத்தா இப்படித்தானுங்ணா ஆகும்,” என்றார்.

எனக்குத் தெரியும், அடுத்து என்ன வரும் என்று. சாம்பாரில் உப்பு கூடினாலும், கார் பஞ்சர் ஆனாலும் வருகிற வார்த்தைதான். ‘நீ என்னத்தப் பண்ணுன?’ அது வரட்டும் என்று கரண்டியோடு காத்துக்கொண்டிருந்தேன். வந்தால் எனக்கு வசதி. எல்லாம் சரியாகப் போய்விடும், நானும் நிம்மதியாகக் கோபப்படலாம்.

“இல்ல மயிலு,” என்றார் இவர். “அரைச்சது நாந்தான். எந் தப்பு.”

கிரைண்டர் சத்தம் போட்டபோது இவர் தம்பிக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். பொய் என்று மூன்று பேருக்கும் தெரியும். மயில்சாமி ஆப்பிள் கூடையைப் பார்த்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் கூசியது. கூடவே ஆத்திரமும் வந்தது. இந்த நல்ல மனசை இத்தனை வருஷம் எந்தப் பரண் மேல் வைத்திருந்தார்? நான் அவரைக் கவிழ்த்த அன்றைக்குப் பார்த்துத்தானா எடுக்க வேண்டும்?

அடுப்பை அணைத்தேன். “சித்த இருங்க. மழைக்குத் தூளு எறுகிப் போச்சு, நான் வேற அரைச்சுத் தர்றேன்,” என்றேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருகைப் பதினாறுக்குத் தள்ளினேன். சீட்டு ‘12’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் அரைத்து, விரலில் தேய்த்துப் பார்த்து, மீதியையும் அரைத்தேன். அவரிடம் நீட்டினேன்.

“நீங்க போடுங்க.”

அவர் தூளைக் கிண்ணத்தில் கொட்டினார். அழுத்தினார், மாட்டினார். இறங்கியது, ஒரே சீராக, மேலே பொன்னிறத்தில் நுரையோடு.

மயில்சாமி இந்தத் தடவை சர்க்கரை கேட்கவில்லை. மெதுவாகக் குடித்தார். அடியில் இருந்ததையும் சாய்த்துக் குடித்தார். “இன்னொண்ணு கெடைக்குங்களாண்ணா?” என்றார். போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, “கடைக்குப் பேரு வெச்சாச்சுங்களா?” என்று கேட்டார். இவர் கேட் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த நடையைப் பார்த்தேன்.

பணியாரத்தை இரண்டு பேருமே தொடவில்லை.

ஆகஸ்ட் 16

நேற்று மயில்சாமி போன பிறகு நடந்ததை நேற்றே எழுதக் கை வரவில்லை.

அவர் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார். கிரைண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மொதல்ல எத்தனைல அரைச்ச?”

“பன்னெண்டுங்க.”

“ரெண்டாவது?”

“பதினாறு.”

“முந்தாநேத்து?”

“பதினாலு.”

“டீச்சரம்மா வந்தப்ப?”

“அதும் பதினாலுதானுங்க.”

ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். நானும் மறைக்காமல் சொன்னேன். பன்னிரண்டில் நல்ல காப்பி வந்தது முதல் நாள் ஒரே ஒரு தடவைதான் என்று புரிய அவருக்கு வெகுநேரம் பிடிக்கவில்லை. கணக்கில் கெட்டிக்காரர். எழுந்துபோய் அந்தச் சீட்டைக் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“தெனமும் மாத்தி அரைச்சிருக்கற. செரி. இன்னைக்கு மட்டும் ஏன் பன்னெண்டுல வெச்ச?”

மழை நின்றுவிட்டிருந்தது. இவ்வளவு நேரடியாக அவர் என்னை எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நீங்கள்தான் வைக்கச் சொன்னீர்கள் என்று தப்பித்துக்கொள்ளலாம். அந்தப் பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

“எனக்கு அந்த ரூம் வேணுங்க,” என்றேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. “மாடிக்கெல்லாம் நான் போக முடியாது. நீங்க கடை வெக்கறது எனக்குச் சந்தோசந்தான், சத்தியமாச் சந்தோசந்தான். தெனமும் அரைச்சும் தர்றேன். அந்த ரூம மட்டும் எடுக்காதீங்க.”

குரல் உடைந்துவிட்டது, எனக்கே பிடிக்கவில்லை.

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“நீங்க கேக்கவே இல்லீங்களே.”

அவர் எழுந்து, கார் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். காரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமா, வருத்தமா, இரண்டும் இல்லாத வேறு ஏதாவதா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. செய்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அறைக்காகக் கேட்க மாட்டேன், தம்பி எதிரில் தலை குனிய வைத்ததற்காகக் கேட்பேன். அதையும் கேட்காமல் படுத்துவிட்டேன்.

இன்று காலை பலகைகளை நானே நகர்த்தினேன். ஜன்னலைத் திறந்து, சட்டத்தைப் பழைய இடத்தில் போட்டு, இரண்டாவது கை மயிலின் மீதிக் கழுத்தை ஆரம்பித்தேன். டீச்சருக்கு நாள் நெருங்கிவிட்டது. யார் என்ன சொன்னாலும் இந்த ரவிக்கையை முடிக்கும் வரை எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தேன்.

வாசலில் அவர் போன் பேசுகிற சத்தம் கேட்டது. அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

“ஆசாரி, நாந்தான் தண்டபாணி. முன்னாடி ரூம்ல வேலை வேண்டாம்ங்க... இல்ல, மரமெல்லாம் நல்ல மரந்தான். அந்த ரூமு எங்க ஊட்டுக்காரியோடதுங்க. அவளக் கேக்காம நான் பாட்டுக்கு அளவெடுக்கச் சொல்லிட்டேன். குடுக்க மாட்டேங்கறா... அதெல்லாம் பேசிப் பாக்க முடியாதுங்க ஆசாரி. அவ ரூமு, அவ மாட்டேங்கறா, அப்புறம் நான் என்ன பண்றது? நீங்க வந்து கார் செட்ட ஒருக்கா அளந்து பாருங்க. காரு வெளியில நிக்கட்டும்.”

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது என்று இன்றைக்குத்தான் இன்னொருவர் வாயால் கேட்கிறேன், அதுவும் ஆசாரியிடம் புகாராக.

அழுகை வந்துவிட்டது. பட்டில் ஈரம் பட்டால் கறை போகாது. சட்டத்தை விட்டு எட்டி உட்கார்ந்து அழுதேன்.